ஜெமிமாவுக்கு ஒரு மழைப் பிறந்தநாள்

ஏப்ரல் 12, சனி

ஒன்றாம் வகுப்புப் பரீட்சைத் தாள்களில் இன்னும் பதினேழு திருத்த வேண்டும். காலையில் மாவு ஆட்டினேன். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. இவர் சரி செய்வதாகச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது.

ஜெமிமா இந்த வருடப் பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள். நாலாவது பிறந்தநாளுக்குக் கூடத்தைக் காய்கறிச் சந்தை ஆக்கினேன். பிள்ளைகள் கத்தரிக்காயும் தக்காளியும் கூவி விற்றார்கள். போன வருடம் ரயில் நிலையம். இவர் தன் கண்டக்டர் பையை மாட்டிக்கொண்டு எல்லாருக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். இந்த வருடம் மழையாம்.

"வீட்டுக்குள்ள மழை பெய்யணும் பெரியம்மா. ஆனா கேக்கு நனையக் கூடாது."

"செய்துருவோம் மக்களே" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று தெரியவில்லை. மே 24க்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

ஆராதனை முடிந்து வந்து கறி அடுப்பில் இருக்கும்போது என் தங்கை ஹெப்சி அயர்லாந்திலிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, ஜெமிக்கு விசா வந்துட்டு."

ஸ்தோத்திரம் என்றேன். அவள் அழுதாள், சிரித்தாள். அங்கே ஆஸ்பத்திரியில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டாளாம். பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னால் வருவாள். மே 31ஆம் தேதி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்புவாள்.

எட்டு மாதக் கைக்குழந்தையை என் மடியில் வைத்து, "ரெண்டே வருஷம் அக்கா" என்று சொல்லிவிட்டு நர்ஸ் வேலைக்குப் போனாள். முதல் இரண்டு வருடம் கொரோனா. அப்புறம் அவள் புருஷன் டென்னிசுக்கு அங்கே வேலை அமையவில்லை. அப்புறம் வீடு கிடைக்கவில்லை. ஐந்து வருடம் ஓடிவிட்டது. எப்போது கூட்டிக்கொண்டு போவாய் என்று நான் ஒருநாளும் அவளைக் கேட்டதில்லை. அவசரப்படுத்தக் கூடாது என்றுதான்.

கறி அடிப்பிடித்துவிட்டது.

ஏப்ரல் 24, வியாழன்

இவர் டூட்டிக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "பிள்ளைகிட்ட இப்பவே கொஞ்சம் கொஞ்சமா சொல்லிக் குடு பியூலா. போகப் போறது அவளுக்க அம்மாகிட்டதான். நல்லதா நாலு வார்த்தை சொல்லி வை."

"எனக்குத் தெரியாதா?" என்றேன்.

அவருக்குக் கோபம் இல்லை. நான்தான் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

மழைக்கு யோசனை கிடைத்துவிட்டது. நீலச் சார்ட் தாளில் துளித் துளியாக வெட்ட வேண்டும். காலி மிக்சர் பாக்கெட்டைக் கழுவித் திருப்பினால் உள்பக்கம் வெள்ளியாக மினுங்குகிறது. அதிலும் வெட்டலாம். பாதியை நூலில் கோத்துத் தொங்கவிட வேண்டும். மீதியைப் பழைய போர்வையில் கொட்டி ஃபேன் கொக்கியில் கட்டி, கயிற்றை இழுத்தால் மொத்தமாக விழுகிற மாதிரி வைக்க வேண்டும். ஜெமி எதையும் முன்கூட்டிப் பார்க்கக் கூடாது. எல்லா வருடமும் அப்படித்தான். அன்றைக்குக் கதவைத் திறக்கும்போது அவள் முகம் மாறும். அதற்காகத்தானே இவ்வளவும்.

மே 1, வியாழன்

லீவு. ஜெமிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். தலை துவட்டும்போது கேட்டாள்.

"அம்மா இருக்க ஊர்ல மழை பெய்யுமா?"

"பெய்யும்."

"நனையலாமா?"

"அதெப்படி நனைய முடியும்? அது குளிர் மழை. நனைஞ்சா காய்ச்சல் வரும். ஆஸ்பத்திரியில கொண்டு போட்டுருவாங்க."

"யாரு?"

"ஆஸ்பத்திரிக்காரங்க."

துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அப்புறம், "அம்மா ஆஸ்பத்திரியிலதானே இருக்காங்க?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

அவ்வளவுதான் பேசினோம். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அது குளிர் நாடுதான். ஹெப்சி ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்க்கிறாள்.

மே 6, செவ்வாய்

கோயிலில் விடுமுறை வேதாகமப் பள்ளி நேற்று ஆரம்பித்தது. ஜெமி காலை ஒன்பதுக்குப் போனால் பன்னிரண்டரைக்குத்தான் வருவாள். அந்த நேரம் முழுவதும் துளி வெட்டுகிறேன். இன்று நூற்று நாற்பது. அவள் வருவதற்குள் எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி, தரையில் கிடக்கும் தாள் துண்டுகளையும் பெருக்கிவிட வேண்டும். கட்டைவிரலில் கத்தரிக்கோல் பட்டுக் கொப்புளம் வந்துவிட்டது.

மே 9, வெள்ளி

துளி வெட்டினேன். தேங்காய் தீர்ந்துவிட்டது.

மே 13, செவ்வாய்

அழைப்பிதழ் தயார். மடக்கினால் குடை, விரித்தால் உள்ளே நாளும் நேரமும். பதினொரு பிள்ளைகளுக்கு. சாப்பாடும் முடிவாகிவிட்டது. மழை நாள் என்பதால் ஐஸ்கிரீம், குளிர்பானம் கிடையாது. ஏத்தம்பழ பஜ்ஜி, வாழைக்காய் பஜ்ஜி, பெரியவர்களுக்குச் சுக்கு காபி, பிள்ளைகளுக்குச் சூடாகப் பால். கேக்கை மேகம் மாதிரி வெள்ளையாகச் செய்துவிடலாம். பச்சைத் தாளில் தவளைகள் மடித்தேன். பின்பக்கம் அழுத்தினால் தாவுகின்றன. இவர் ஒரு மணி நேரம் அவற்றோடு விளையாடிக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருஷம் என்ன செய்யப் போறே?" என்று கேட்டுவிட்டு, உடனே எழுந்து குழாயைச் சரி செய்யப் போனார்.

மே 17, சனி

பத்தே முக்காலுக்குக் கார் வந்தது. ஹெப்சி மெலிந்திருக்கிறாள். முன்நெற்றியில் முடி கொட்டியிருக்கிறது. டென்னிசுக்கு லீவு கிடைக்காததால் தனியாக வந்தாள். பையைக்கூட வைக்காமல் வாசலிலேயே முட்டிபோட்டு இரண்டு கையையும் நீட்டினாள். ஜெமி என் சேலைக்குப் பின்னால் போய்விட்டாள்.

"ஸ்தோத்திரம் சொல்லு மக்களே" என்றேன்.

"ஸ்தோத்திரம் ஆன்ட்டி."

ஹெப்சி சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து முகம் கழுவப் போனாள். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மத்தியானம் ஹெப்சி சோறு ஊட்டப் போனாள். ஜெமி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். தட்டை வாங்கி நான் ஊட்டினேன், சாப்பிட்டாள். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. பிள்ளை பசியோடு இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மே 19, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஹெப்சி ஒரு மஞ்சள் மழைக்கோட்டு வாங்கி வந்திருக்கிறாள். ஜெமிக்கு மழை பிடிக்கும் என்று நான்தான் எப்போதோ போனில் சொன்னேனாம். அதை எடுத்துப் போட்டுவிடப் போனாள். "இத போட்டுட்டு நாம ரெண்டு பேரும் அங்க மழையில நடக்கப் போவோம்" என்றாள்.

ஜெமி கோட்டைப் பிடுங்கி எறிந்தாள். "நான் வரமாட்டேன். அது குளிர் மழை. நனைஞ்சா காய்ச்சல் வரும். ஆஸ்பத்திரியில கொண்டு போட்டுருவாங்க. நீங்க ஆஸ்பத்திரிக்காரங்க. எனக்குத் தெரியும்!" ஹெப்சி தூக்கப் போனாள். கையைக் கடித்துவிட்டாள். ரத்தம் வரவில்லை, பல் நன்றாகப் பதிந்துவிட்டது. ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

பிறகு அடுக்களையில் ஹெப்சி கையில் மஞ்சள் தடவிக்கொண்டு என்னிடம் கேட்டாள். "யாருக்கா அவகிட்ட இப்படியெல்லாம் சொன்னது?"

"கோயில்ல பிள்ளைங்க ஏதாவது பேசியிருக்கும்" என்றேன்.

மே 20, செவ்வாய்

ஜெமி படுக்கையை நனைத்திருந்தாள். மூன்று வயதுக்கு அப்புறம் இன்றுதான். போர்வையை அலசிக் காயப்போட்டேன். நான் சொன்ன வார்த்தை செய்த வேலை இது.

மே 22, வியாழன்

ஜெமியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். "பெரியம்மா அன்னைக்கு அந்த மழையப் பத்தித் தெரியாம சொல்லிட்டேன் மக்களே. அங்க நனையலாம். ஒண்ணும் ஆகாது. அம்மா பிள்ளைங்கள ஆஸ்பத்திரியில பிடிச்சுப் போட மாட்டா. நோய் வந்தவங்களுக்குச் சுகமாக்கி வீட்டுக்கு அனுப்புவா."

என்னை உற்றுப் பார்த்தாள். "நீங்க டீச்சர்லா? டீச்சருக்குத் தெரியாம இருக்குமா?"

இன்னொரு தடவை சொன்னேன். காதைப் பொத்திக்கொண்டாள்.

ஹெப்சி வெளியறையில் பயணப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெமிக்கு என்று வாங்கிய கம்பளி உடுப்புகள். இரண்டு அளவு சின்னதாக இருந்தன. எந்த வயதுக்கு வாங்க வேண்டும் என்றே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சப்பட்டிருப்பாள்.

"பேசாம இங்கயே இருக்கட்டுமா அக்கா?" என்றாள், துணியை மடித்துக்கொண்டே. "இன்னும் ஒரு வருஷம். உன்கிட்ட இருந்தா சந்தோஷமா இருப்பா."

ஐந்து வருடமாக நான் காத்திருந்த வார்த்தை அது. காத்திருந்தேன் என்பது அவள் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஆம் என்ற வார்த்தை வாய் வரை வந்துவிட்டது.

"பைத்தியம் மாதிரி பேசாதே" என்றேன். "சனிக்கிழமை போர்வைக் கயித்த நீதான் இழுக்கணும். வா, காட்டுதேன்."

மே 24, சனி

காலை நான்கு மணிக்கு எழுந்தேன். ஜெமியை இவர் கோயில் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். ஹெப்சியும் நானும் கூடத்தில் கொடிக்கயிறு குறுக்கும் நெடுக்கும் கட்டித் துளிச்சரங்களைத் தொங்கவிட்டோம். டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது அவள் அப்படியே நின்றுவிட்டாள். "எல்லாம் நீயே வெட்டினதா அக்கா?" என்றாள். ஏணியைப் பிடி என்றேன்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பதினொரு பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். வெயில் கொளுத்துகிறது, எல்லார் கையிலும் குடை. ஜெமி நீல கவுனில் வாசலில் நின்று ஒவ்வொருவரையும், "உள்ள மழை, கவனமா வாங்க" என்று வரவேற்றாள். கூடத்துக் கதவைத் திறந்தபோதுதான் அவளும் உள்ளே பார்த்தாள். வாய் திறந்தபடி நின்றாள். தவளைப் பந்தயம் நடந்தது. அகலப் பாத்திரத்தில் காகிதக் கப்பல் விட்டார்கள். ஒரு பையன் தவளையைப் பாலில் போட்டுவிட்டான்.

பிறகு இவர் அடுக்களையில் பெரிய தாம்பாளத்தை எடுத்து இடி இடித்தார். விளக்கை அணைத்து அணைத்துப் போட்டேன். பிள்ளைகள் குடைக்குள் பதுங்கிக் கத்தினார்கள். ஹெப்சிக்குத் தலையசைத்தேன். கயிற்றை இழுத்தாள்.

கொட்டியது. நீலமும் வெள்ளியுமாக, டேபிள் ஃபேன் காற்றில் சுழன்று சுழன்று விழுந்தது. ஜெமி குடையைத் தூக்கிப் போட்டுவிட்டு அண்ணாந்து நின்றாள். "நனையுதேன்! நனையுதேன்!" என்று கத்தினாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சந்தைக்கும் ரயிலுக்கும்கூட இப்படிச் சிரிக்கவில்லை.

ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "பெரியம்மா, எப்படி செஞ்சீங்க இத?"

"நானா? எனக்கு எங்க நேரம்?" என்றேன். "உனக்க அம்மா செஞ்சது. அவ ஊர்ல இருந்து பெட்டியில கொண்டு வந்தா."

அடுக்களையில் இடி நின்றுவிட்டது. இவர் தாம்பாளத்தோடு வாசற்படியில் வந்து நின்று என்னைப் பார்த்தார்.

"அக்கா..." என்றாள் ஹெப்சி.

"என்ன அக்கா? பிள்ளை கேக்குதுல்லா, சொல்லு."

ஜெமி அவள் பக்கம் திரும்பினாள். "இது அந்த ஊர் மழையா?"

ஹெப்சி என் முகத்தைப் பார்த்தாள். நான் தரையில் கிடந்த குடையை எடுத்து மடக்கிக்கொண்டிருந்தேன். "ஆமா மக்களே" என்றாள்.

ஜெமி ஒரு துளியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "குளிரலியே" என்றாள்.

"குளிராது. நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது. நானும் உன்கூட நனைவேன்."

ஜெமி யோசித்தாள். பிறகு இரண்டு கை நிறையத் துளிகளை அள்ளி ஹெப்சியின் தலையில் கொட்டினாள். ஹெப்சி அள்ளி அவள் மேல் போட்டாள். இரண்டு பேரும் தரையில் உருண்டார்கள். மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

நான் கேக் வெட்டக் கத்தி எடுக்க அடுக்களைக்குப் போனேன். கத்தி கேக் பக்கத்திலேயேதான் இருந்தது. இவரும் பின்னால் வந்தார். என் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

முதல் துண்டை ஜெமி அம்மாவுக்கு ஊட்டினாள். இரண்டாவது எனக்கு. கேக் நன்றாக வந்திருந்தது. கொஞ்சமும் நனையவில்லை.

மே 25, ஞாயிறு

துளிகளைப் பெருக்கிச் சாக்கில் கட்டினேன். ஜெமி நேற்று ஹெப்சியோடு படுத்துக்கொண்டாள். பஜ்ஜி மாவு மீதி புளித்துவிட்டது.

மே 31, சனி

விடியற்காலை ஐந்து மணிக்கு நாகர்கோவிலில் இருந்து கிளம்பினோம். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஜெமி தள்ளுவண்டியில் பெட்டிகளுக்கு மேல் உட்கார்ந்துகொண்டாள். அந்தச் சூட்டிலும் மஞ்சள் மழைக்கோட்டைக் கழற்றமாட்டேன் என்றாள். அழவில்லை. அழக் கூடாது என்றுதானே இவ்வளவும்.

"பெரியம்மா, நீங்க எப்போ வருவீங்க?"

"ஸ்கூல் லீவு விட்டதும் வருவேன்."

"இப்ப லீவுதானே?"

நான் பதில் சொல்வதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மஞ்சள் நிறம் கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு யாரோ ஒரு பெரிய குடும்பம் குறுக்கே வந்துவிட்டது.

திரும்பும்போது களியக்காவிளையில் டீக்கடையில் இவர் வண்டியை நிறுத்தினார். "ரெண்டு டீ, ஒரு பால், ஆத்திக் குடுங்க" என்று சொல்லிவிட்டார், ஐந்து வருடப் பழக்கம். பாலும் வந்தது. வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பெஞ்சில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அது ஆடை படியும்வரை இருந்தது.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. ஒன்றாம் வகுப்பில் முப்பத்துநான்கு புதுப் பிள்ளைகள். ஏழு பேர் அழுதார்கள். எல்லாரையும் சமாதானம் செய்தேன்.

ஜூன் 11, புதன்

மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

ஹெப்சி வீடியோவில் வந்தாள். ஜெமி இரண்டு நிமிடம் பேசினாள். பக்கத்து வீட்டில் ஒரு பூனை இருக்கிறதாம். "சரி பெரியம்மா, போறேன்" என்று ஓடிவிட்டாள். நல்லது. பிள்ளைகள் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அக்டோபர் 2, வியாழன்

காந்தி ஜெயந்தி விடுமுறை. இரண்டரை மணிக்கு ஹெப்சி கூப்பிட்டாள். அங்கே காலை நேரம், ஜெமி பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

"மாட்டிக்கிட்டேன் அக்கா" என்றாள். வருகிற புதன்கிழமை ஜெமியின் வகுப்புக்கு அம்மாக்கள் வந்து ஏதாவது செய்து காட்ட வேண்டுமாம். ஜெமி எழுந்து நின்று, எங்க அம்மா வீட்டுக்குள்ளேயே மழை பெய்ய வைப்பாங்க என்று டீச்சரிடம் சொல்லிவிட்டாளாம். "எனக்கு ஒரு தாளை ஒழுங்கா மடக்கத் தெரியாது. அவகிட்ட உண்மைய சொல்லிரட்டா? எல்லாம் பெரியம்மா செஞ்சதுன்னு?"

சொல்லு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனியில் இருந்தது.

"ஹெப்சி, அந்தக் குளிர் மழை, ஆஸ்பத்திரி... அவகிட்ட சொன்னது நான்தான்."

"தெரியும் அக்கா."

"எப்போ?"

"அன்னைக்கே. சின்னதுல எனக்கு இழுப்பு வரும்னு நீ மழையில விடமாட்டே. இதே வார்த்தையத்தான் சொல்லுவே, ஆஸ்பத்திரியில கொண்டு போட்டுருவாங்கன்னு. ஜெமி சொன்னப்போ உன் குரல் மாதிரியே இருந்திச்சு."

"பின்ன ஏன் யாரு சொன்னதுன்னு எங்கிட்ட கேட்டே?"

"நீ சொல்லுவேன்னு நெனச்சேன். நீ சொல்லல. சரின்னு விட்டுட்டேன். அஞ்சு வருஷம் எனக்க பிள்ளைய நீ வளத்திருக்கே. நான் எந்த வாயால உன்ன கேப்பேன்?"

அவள் அழுதாள். நானும் அழுதேன். இவ்வளவு நாள் இதில் நான் எழுதியதெல்லாம் பாதிதான். பிள்ளை போனதிலிருந்து அழாத நாள் இல்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உண்மையெல்லாம் சொல்லாண்டாம்" என்றேன். "அவ நம்பினது நம்பினதாவே இருக்கட்டும். தாள் இருக்கா? கத்தரிக்கோல எடு."

போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தேன். இங்கே நான் ஒன்று வெட்டினேன், அங்கே அவள் ஒன்று வெட்டினாள். முதலில் அவள் வெட்டியதெல்லாம் கத்தரிக்காய் மாதிரி இருந்தன. கத்தரிக்கோலைத் திருப்பாதே, தாளைத் திருப்பு என்றேன். திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இவர் டூட்டி முடிந்து வந்து, போனுக்கு எதிரில் தாளும் கையுமாக நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தானே டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

ஜெமியைக் கூட்டிவர நேரமாகிவிட்டது என்று ஹெப்சி எழுந்தாள். வெட்டியவற்றை அள்ளித் திரைக்கு முன்னால் காட்டினாள். நூறு இருக்கும். கடைசி இருபதும் நான் வெட்டியது போலவே இருந்தன.